‘அடுத்த அப்டேட்ல வந்துடும் சார்’: கார் ஸ்டீரியோவில் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வரக் காத்திருப்பவர்களுக்கு

கார் ஆக்சஸரீஸ் கடைகளில் ஸ்டீரியோ விலை பேசும்போது இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "இப்போதைக்கு கார்ப்ளே மட்டும்தான் சார் இருக்கு. ஆண்ட்ராய்டு ஆட்டோ அடுத்த அப்டேட்ல வந்துடும்." ஐபோனின் மேப், பாட்டு, அழைப்புகளை ஸ்டீரியோ திரைக்குக் கொண்டுவருவது கார்ப்ளே; ஆண்ட்ராய்டு போனுக்கு அதே வேலையைச் செய்வது ஆண்ட்ராய்டு ஆட்டோ. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று இல்லை, கம்பெனி ஆள் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அப்டேட் சில செட்டுகளுக்குப் பல மாதம் தள்ளி வரும், சில செட்டுகளுக்கு எந்தக் காலத்திலும் வராது. நம் செட் இதில் எந்த ரகம் என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தக் கதை முதல் வருடமே தொடங்கிவிட்டது. 2013 ஜூனில் ஆப்பிள் அறிவித்த ‘ஐஓஎஸ் இன் தி கார்’ என்ற வசதி, 2014 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் கார்ப்ளே என்ற பெயரில் வந்தது. ஐபோன் 5-ம் ஐஓஎஸ் 7.1-ம் இருந்தால் போதும் என்றார்கள். மறு மாதமே பயனியர் நிறுவனம் அமெரிக்காவில் தன் நெக்ஸ் வரிசையின் ஐந்து மாடல்களுக்கு ஃபர்ம்வேர் (செட்டின் உள் மென்பொருள்) அப்டேட் மூலம் கார்ப்ளே தருவதாகச் சொன்னது. சுமார் 700 டாலரிலிருந்து 1,400 டாலர் வரை விலையுள்ள செட்டுகள். கோடையின் தொடக்கத்தில் வரும் என்ற அப்டேட், இலையுதிர் காலத்தில்தான் வாங்கியவர்கள் கைக்கு வந்தது. தாமதம்தான், ஆனாலும் வந்தது.

அதே வருடம் ஜூனில் கூகுள் ஆண்ட்ராய்டு ஆட்டோவை அறிவித்தது. ஆப் வெளியானது 2015 மார்ச்சில். அதற்காகப் பயனியர் கொண்டுவந்தவை ஏவிஎச்-4100நெக்ஸ், ஏவிஐசி-7100நெக்ஸ், ஏவிஐசி-8100நெக்ஸ் என்ற புதிய மாடல்கள். முந்தைய வருடம் 4000நெக்ஸோ 8000நெக்ஸோ வாங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஒரே செட்டுக்கு ஒரு வசதி தாமதமாக வந்தது, இன்னொன்று வரவே இல்லை. இன்று கடையில் "அப்டேட்ல வரும்" என்று கேட்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அப்டேட்டால் எது முடியும், எது முடியாது

இரண்டு வசதியிலும் படம் போனிலிருந்துதான் வருகிறது. போன் தன் திரைக்காட்சியை எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவாக அனுப்பும். செட் அதை விரித்துக் காட்டும். நம் விரல் தொட்ட இடத்தைத் திருப்பிப் போனுக்குச் சொல்லும். எனவே செட்டின் சிப்பில் எச்.264-ஐத் திணறாமல் விரிக்கும் திறன் இருக்க வேண்டும். டச் ஸ்கிரீன் உள்ள செட்டெல்லாம் இதற்குத் தகுதி என்று நினைத்துவிட வேண்டாம்.

கார்ப்ளேக்கு இன்னும் இரண்டு தேவைகள். ஒன்று, ஆப்பிள் உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களுக்கு மட்டும் கொடுக்கும் அடையாளச் சரிபார்ப்புச் சிப். அது போர்டில் இல்லையென்றால் எந்த மென்பொருளும் அதன் இடத்தை நிரப்பாது. இரண்டு, யுஎஸ்பி போர்ட்டின் வேலை மாற்றம். பென்டிரைவ் செருகினால் செட்தான் யுஎஸ்பியின் எஜமான். கேபிளில் கார்ப்ளே ஓடும்போது இது தலைகீழாகும்: போன் எஜமான் ஆகும், செட் அதன் கீழ் நிற்கும். இந்த மாற்றத்தை போர்ட்டின் பின்னால் உள்ள சர்க்யூட் ஆதரிக்க வேண்டும். இரண்டு யுஎஸ்பி உள்ள பல செட்டுகளில் ஒன்றில் மட்டும் கார்ப்ளே வருவது இதனால்தான். மற்றது பாட்டுக்கும் சார்ஜுக்கும்.

ஆண்ட்ராய்டு ஆட்டோவில் இந்த மாற்றம் கிடையாது. செட்டே எஜமானாக இருந்து போனைத் துணைக்கருவி முறையில் பேசவைக்கும். வழி வேறு, அதற்கான மென்பொருள் வேறு, கூகுளிடம் வாங்கும் சான்றும் வேறு. "கார்ப்ளே வந்துடுச்சுல்ல, அப்ப இதுவும் வந்துடும்" என்று கணக்குப் போடக்கூடாது.

வயர்லெஸ் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். புளூடூத் முதல் அறிமுகத்துக்கு மட்டும்தான்; அதன்பின் வீடியோ முழுக்க வைஃபையில் ஓடும், அதுவும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். செட்டில் புளூடூத் மட்டும் இருந்தாலோ, வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸோடு நின்றாலோ, ஒழுங்கான வயர்லெஸ் கார்ப்ளே அப்டேட்டால் வராது. ரேடியோ சிப்பை இணையத்திலிருந்து இறக்க முடியாது.

ஆக, அப்டேட்டுக்குக் காத்திருக்கலாமா என்பதற்கு எங்கள் விடை இது. செட்டில் தேவையான சிப், போர்ட், வைஃபை எல்லாம் இருந்து, கம்பெனியே தன் தளத்தில் மாடல் எண்ணைக் குறிப்பிட்டு அறிவித்திருந்தால் காத்திருக்கலாம். கடைக்காரர் வாய்மொழி மட்டும் இருந்தால் வேண்டாம். வசதி இன்று வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். வரப்போவதற்கு விலை கொடுக்கக்கூடாது.

தாமதம் எங்கே உண்டாகிறது

போன் கம்பெனி விதிமுறையை எழுதுகிறது. சிப் கம்பெனி அதற்கேற்ற அடிப்படை மென்பொருளைத் தருகிறது. அதன் மேல் ஸ்டீரியோ கம்பெனி தன் திரை, ரேடியோ, கேமரா, ஸ்டியரிங் பட்டன் எல்லாவற்றையும் பொருத்துகிறது. பிறகு ஆப்பிள், கூகுள் இருவரின் சோதனையும் தனித்தனியே தேற வேண்டும். அதில் ஒரு குறை வந்தால் வரிசையின் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். இதற்கிடையே வருடத்துக்கு ஒரு முறை போனின் இயங்குதளம் மாறும்; ஆகஸ்டில் சரியாக ஓடியது செப்டம்பரில் புது ஐஓஎஸ் வந்ததும் துண்டிக்கத் தொடங்கும்.

பயனரை அதிகம் சோதிப்பது ரிவர்ஸ் கேமராவும் அழைப்பும் குறுக்கே வரும் தருணங்கள். கூகுள் மேப்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்து, அப்போதே ரிவர்ஸ் கியர் விழுந்தால் எந்த ஒலி குறைய வேண்டும், எந்தத் திரை மேலே வர வேண்டும், முன் கியருக்கு வந்ததும் மேப் தானாகத் திரும்புமா? அவசரமாக வந்த முதல் ஃபர்ம்வேர்களில் பெரும்பாலும் இங்கேதான் கோளாறு. முதல் அப்டேட் வந்த அன்றே போட வேண்டாம், இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் போடுங்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

இந்தியாவில் இன்னொரு படியும் உண்டு. வயர்லெஸ் உள்ள கருவியை இங்கே விற்க மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் ஈடிஏ ஒப்புதல் பெற வேண்டும். வெளிநாட்டில் விற்கும் வயர்லெஸ் மாடலின் அதே தோற்றத்தில் இங்கே வருவதில் வைஃபை இல்லாமல் இருக்கலாம். அமெரிக்க யூடியூப் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு இங்கே வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் வரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில தாமதம் ஸ்டீரியோ கம்பெனியின் கையிலேயே இருக்காது. ஐஓஎஸ் 12 வரும் வரை, அதாவது 2018 செப்டம்பர் வரை, கார்ப்ளேயில் கூகுள் மேப்ஸே கிடையாது. ஆப்பிள் அனுமதி தரவில்லை. எந்த செட்டை மாற்றியிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

கடையில் நிற்கும்போது

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற கடைத்தெருக்களில் டெமோ போர்டில் செட் ஓடிக்கொண்டிருக்கும். கடைக்காரரின் போனை வைத்துக் காட்டினால் போதாது. உங்கள் போன், உங்கள் கேபிள். செருகி இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பாட்டு ஓடும்போது மேப்பில் வழி போடுங்கள். வழிகாட்டும் குரல் வரும்போது பாட்டு தணிந்து மீண்டும் எழ வேண்டும். வீட்டுக்கு ஒரு போன் செய்து, எதிர்முனையில் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். கேபிளை உருவி மறுபடி செருகினால் பத்துப் பதினைந்து நொடிக்குள் திரை திரும்ப வர வேண்டும்.

அட்டைப்பெட்டியில் ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ என்ற பெயர்களே அச்சாகியிருக்க வேண்டும். ‘மிரர் லிங்க்’, ‘போன் லிங்க்’, ‘ஈஸி கனெக்ட்’ என்றிருந்தால் அது வேறு சரக்கு. போன் திரையை அப்படியே பிரதி எடுத்துக் காட்டும் வசதி. மிரர்லிங்க் என்பது ஒரு காலத்தில் முறையான தரநிலையாகவே இருந்தது, ஆனால் சாம்சங் 2020 ஜூனோடு அதன் ஆதரவை நிறுத்திவிட்டது. இன்று அதை நம்பி வாங்குவதில் அர்த்தமில்லை.

ஒன்பது அங்குலம், பத்து அங்குலம் என்று மலிவாகக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு செட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவற்றில் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இசட்லிங்க் போன்ற ஒரு ஆப் வழியாக வரும். அந்த ஆப் அந்தக் குறிப்பிட்ட செட்டுக்கென ஆக்டிவேட் செய்யப்பட்டது. தெரியாத இடத்திலிருந்து ஃபர்ம்வேர் எடுத்துப் போட்டால் ஆக்டிவேஷன் போய், ஆக்டிவேஷன் கோட் (குறியீட்டு எண்) கேட்டுத் திரை நிற்கும். வாங்கிய அன்றே அந்த ஆப்பின் பதிப்பு எண்ணையும் செட்டின் எம்சியு (கட்டுப்பாட்டுச் சிப்) பதிப்பு எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சரியான ஃபைலைத் தேட இவை இரண்டும்தான் துணை.

இந்த செட்டுகளின் ‘ஆண்ட்ராய்டு 13’ என்ற பெயரையும் நம்ப வேண்டாம். செட்டிங்ஸ் பக்கத்தில் எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். சிபியு-இசட் மாதிரி ஒரு ஆப்பை ஏற்றி ஏபிஐ லெவலை (ஆண்ட்ராய்டு பதிப்பைக் காட்டும் உள் எண்) பாருங்கள்: ஆண்ட்ராய்டு 10 என்றால் 29, 11 என்றால் 30, 12 என்றால் 31, 13 என்றால் 33. ரேம் அளவும் இப்படித்தான் ஊதிப் பெருக்கப்பட்டிருக்கும்.

பில்லில் ‘2 டின் ஸ்டீரியோ’ என்று மட்டும் எழுதவிடாதீர்கள். முழு மாடல் எண், ‘வயர்லெஸ் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ உண்டு’ என்ற வரி, இரண்டும் வேண்டும். அப்டேட்டில் வரும் என்று சொன்னால் அதையும் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

காத்திருக்கும் காலத்தில்

வயர்லெஸ் அடாப்டர் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏஏவயர்லெஸ், மோட்டரோலா எம்ஏ1, கார்லின்கிட் போன்றவை எல்லாம் ஏற்கெனவே கேபிளில் வேலை செய்வதை வயர்லெஸ்ஸாக மாற்றும் கருவிகள். கேபிளில் ஆண்ட்ராய்டு ஆட்டோ வராத செட்டில் எம்ஏ1 செருகினால் ஒன்றும் நடக்காது. ‘ஏஐ பாக்ஸ்’ என்று விற்பதும் பெரும்பாலும் கேபிள் கார்ப்ளே இருந்தால்தான் ஓடும். விதிவிலக்கு ஒன்று உண்டு: ஆண்ட்ராய்டில் ஓடும் செட்டாக இருந்தால், கார்லின்கிட்டின் யுஎஸ்பி டாங்கிளும் அதற்கான ஆட்டோகிட் ஆப்பும் சேர்ந்து இரண்டு வசதியையும் கொண்டுவந்துவிடும்.

சாதாரண டச் ஸ்கிரீன் செட் என்றால் டாஷ்போர்டின் மேல் ஒட்டும் ஏழு அங்குலத் தனித்திரை ஒரு வழி. அதை வாங்கினால் ஒலியை ஆக்ஸ் கேபிளில் கொடுங்கள். எஃப்எம் டிரான்ஸ்மிட்டரில் கொடுத்தால் ஊருக்கு ஊர் அலைவரிசை மாற்ற வேண்டிவரும், இரைச்சலும் சேரும். அடாப்டரும் தனித்திரையும் வேண்டாம் என்றால் ஏசி வென்ட்டில் மாட்டும் நல்ல போன் ஹோல்டரும் புளூடூத்தும் போதும். வென்ட்டில் மாட்டச் சொல்வதற்குக் காரணம் சூடு. ஜிபிஎஸ், சார்ஜிங், எரியும் திரை மூன்றும் சேர்ந்து சித்திரை வெயிலில் போனைத் தணல் போல ஆக்கும். சூடேறிய போன் தானாகவே சார்ஜை நிறுத்தும், திரையை மங்கவைக்கும்.

அப்டேட் வந்தபின் போடும் முறை

முதலில் செட்டின் சிஸ்டம் மெனுவில் இப்போதுள்ள ஃபர்ம்வேர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனியின் இந்தியத் தளத்தில், உங்கள் மாடலின் பக்கத்திலிருந்தே ஃபைலை இறக்குங்கள். வேறு நாட்டு மாடலின் ஃபைலை செட் ஏற்காமல் விட்டால் அதிர்ஷ்டம். ஏற்றுக்கொண்டால் ரேடியோ அலைவரிசை இடைவெளி மாறுவதிலிருந்து செட் எழும்பாமல் போவது வரை எதுவும் நடக்கலாம். பழைய பதிப்பிலிருந்து நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவலாமா, நடுவில் ஒன்று போட வேண்டுமா என்பதை அந்தப் பக்கத்தின் குறிப்பிலேயே சொல்லியிருப்பார்கள். வாசிக்காமல் தாண்ட வேண்டாம்.

பென்டிரைவ் 32 ஜிபிக்கு மேல் வேண்டாம், ஃபேட்32-ல் ஃபார்மட் செய்யுங்கள். ஜிப்பை விரித்து, உள்ளே இருக்கும் ஃபைலை மட்டும் எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் நேராகப் போடுங்கள். ‘அப்டேட் ஃபைல் இல்லை’ என்று செட் சொன்னால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று: பென்டிரைவ் எக்ஸ்ஃபேட்டில் இருக்கும், ஃபைல் ஃபோல்டருக்குள் இருக்கும், இரண்டு முறை இறக்கியதால் பெயரின் முடிவில் அடைப்புக்குறிக்குள் 1 சேர்ந்திருக்கும். மேக் கணினியில் பிரதி எடுத்தால் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபைல்களும் கூடவே போகும், அவற்றை நீக்கிவிடுங்கள்.

எல்லாப் போன்களையும் துண்டித்து, ஹெட்லைட்டையும் ஏசி ஃபேனையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். எஞ்சின் ஓடாமல் செய்வதென்றால் பேட்டரி குறைந்தது 12.4 வோல்ட் காட்ட வேண்டும். ஓடவிட்டுச் செய்வதென்றால் தொடக்கத்திலிருந்தே ஓடட்டும், காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் இருந்தால் அணைத்துவிடுங்கள். நடுவில் மட்டும் சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டர் சுழலும் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து செட் அணையும். பாதி எழுதிய ஃபர்ம்வேரோடு அது மறுபடி எழும்பாது. திரை கறுப்பாகி இரண்டு மூன்று நிமிடம் நிற்பது சகஜம்தான், பதறி ரீசெட் பட்டனைக் குத்த வேண்டாம்.

முடிந்ததும் பழைய இணைப்புகளைச் செட்டிலும் போனிலும் அழியுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கார்ப்ளே என்று போய் ‘ஃபர்கெட் திஸ் கார்’. ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸில் ஏற்கெனவே இணைத்த கார்களின் பட்டியலை நீக்குங்கள். இதைச் செய்யாமல் ‘அப்டேட் போட்டும் வரவில்லை’ என்று செட்டைக் கழற்றிக் கொண்டுவருபவர்கள் அதிகம்.

அப்படியும் வரவில்லை என்றால்

முதல் சந்தேகம் கேபிள் மேல். சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் டேட்டா வயர் இருக்காது. இருந்தாலும் ஒரு மீட்டருக்குள் இருப்பதுதான் நல்லது. நடைமுறையில் நாம் பார்க்கும் பெரிய குற்றவாளி டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது: ஃபிட்டர் செட்டின் யுஎஸ்பியை கிளவ் பாக்ஸுக்குக் கொண்டுவர இரண்டு மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டிருப்பார். அதன் முனையில் நம் கேபிள். சார்ஜ் ஏறும், பாட்டும் ஓடும், ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் கார்ப்ளே விழும். எக்ஸ்டென்ஷனைக் கழற்றி நேரடியாகச் செருகிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஐபோனில் சிரி அணைந்திருந்தால் கார்ப்ளே வராது. ஸ்கிரீன் டைம் கட்டுப்பாட்டில் கார்ப்ளே தடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேவரும் விபிஎன்னும் வயர்லெஸ் இணைப்பை அறுக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் ஆண்ட்ராய்டு ஆட்டோ போனுக்குள்ளேயே இருக்கிறது, தனி ஐகான் இல்லையே என்று தேட வேண்டாம். வயர்லெஸ்ஸுக்கு ஆண்ட்ராய்டு 11-ம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் உள்ள போன் வேண்டும்.

தினமும் காலையில் போனைப் புதிதாக இணைக்க வேண்டியிருக்கிறதா? அப்டேட்டைக் குறை சொல்லும் முன் வயரிங்கைப் பாருங்கள். மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட் இருக்கும் இடத்துக்கும், சிவப்பு சாவியோடு வரும் ஏசிசிக்கும் போக வேண்டும். இரண்டும் மாறியிருந்தால் சாவியை அணைத்ததும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். சில கார்களில் கம்பெனி கப்ளரிலேயே இந்த இரண்டும் இடம் மாறி இருக்கும், ஆகவே நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்து அளக்க வேண்டும்.

மேப்பில் கார் பக்கத்துத் தெருவில் ஓடுகிறதென்றால், செட்டின் ஜிபிஎஸ் ஆன்டெனாவைத் தேடுங்கள். ஜிபிஎஸ் உள்ள செட்டில் கார்ப்ளே அதன் இடக்குறிப்பையும் எடுத்துக்கொள்ளும். ஆன்டெனா டாஷ்போர்டுக்குள் ஏதோ இரும்புப் பட்டைக்குக் கீழே சுருண்டு கிடந்தால் போன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பலனில்லை. கண்ணாடிக்கு அருகே, வானம் தெரியும்படி, தட்டையாக ஒட்டுங்கள். மைக்கையும் அப்போதே ஏ-பில்லரின் (முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூண்) மேல் பக்கம் மாற்றிவிடுங்கள். ஏசி வென்ட் அருகே இருந்தால் "ஓகே கூகுள்" என்று கத்த வேண்டியிருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், அறிவித்த காலம் தாண்டியும் அப்டேட் வரவில்லை, அந்த வரிசையில் கம்பெனி அடுத்த மாடலும் கொண்டுவந்துவிட்டது என்றால் இனி நம்பி இருக்க வேண்டாம். செட்டுக்கு இன்னும் வாரன்டி மிச்சம் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். ஒரிஜினல் வயரை வெட்டாமல் கப்ளர் போட்டு மாட்டியிருந்தால் கழற்ற அரை மணி நேரம் போதும். ஃப்ரேம், கப்ளர், மைக், ஆன்டெனா, பில் எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் பழைய செட்டுக்கும் நல்ல விலை கிடைக்கும்.